பஸ்ஸில் பாடுறவர் பிச்சைக்காரர் இல்லை



வஹகோட்டையிலிருந்து கலேவெல, மாத்தளைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, றபான் தட்டி சிங்களத்தில் விரிது பாடிக்கொண்டு யாராவது ஏறினால் நாம என்ன செய்கிறோம்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். "பிச்சைக்காரன் வந்துட்டான்" என்று பிள்ளைகள் காதுபடவே சொல்கிறோம். குலுங்கும் பஸ்ஸில் நின்றபடி, எதுகை மோனை தவறாமல் பாடிவிட்டுக் கூலி கேட்பது பிச்சையா?

பாட்டு ஹராமா ஹலாலா என்பதை ஆலிம்கள் பேசட்டும். ஒரு மனிசனைக் கேவலப்படுத்துவது ஹலால் என்று யாரும் சொல்லவில்லை. நோன்பு காலத்தில் பக்கீர்மார் றபான் தட்டி, பைத் பாடித்தானே சஹருக்கு நம் ஊர்களை எழுப்பினார்கள்? பெருநாளைக்கு அவர்கள் கையில் காசு வைத்த வாப்பாமார் அதைப் பிச்சை என்று நினைக்கவில்லை.

2007இல் உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், வாஷிங்டன் மெட்ரோ ரயில் நிலையமொன்றில் சாதாரண உடுப்போடு 43 நிமிடம் வாசித்தார். ஆயிரத்துக்கும் அதிகமானோர் அவரைக் கடந்து போனார்கள். நின்று கேட்டவர்கள் வெறும் 7 பேர். ஆக, சனம் மதிப்பது இசையை இல்லை, மேடையையும் டிக்கட்டையும்தான். நாமும் அப்படித்தான். டீவியில் பாடினால் ஷெயார் பண்ணுவோம், பஸ்ஸில் பாடினால் இறக்கிவிடச் சொல்லுவோம்.

சில்லறை இல்லையா, பரவாயில்லை. "இறக்கி விடுங்க" என்று மட்டும் கண்டக்டரிடம் சொல்லாதீங்க. வகுப்பில் அழகியல் பாடத்துக்கு நாங்கள் எத்தனை புள்ளி போட்டாலும், பிள்ளைகள் படிப்பது பஸ்ஸில் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான்.