பதினொரு ஒன்றுகளுக்கு யார் பதில் சொல்வது?

வங்கிக் கணக்கு எண் இருக்கவேண்டிய கட்டத்தில் 11111111111 என்று அடித்து வைத்திருக்கிறார்கள். பலருக்கு வெறும் பூஜ்யம். பலருக்குக் கட்டமே காலி. பிரதமரின் கௌஷல் விகாஸ் என்னும் திறன் பயிற்சித் திட்டத்தைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 95.90 லட்சம் பேரில் 90.66 லட்சம் பேருக்கு உருப்படியான வங்கிக் கணக்கு விவரம் கிடையாது என்கிறது அது. ஒரே புகைப்படத்தைப் பல பயனாளிகளுக்கு ஒட்டியிருப்பதையும் காட்டுகிறது.

நூறு நாள் வேலைக்குப் போன நம் தாய்மாருக்கு ஆதாரில் ஓர் எழுத்து பிசகினாலும் கூலி நின்றுபோனது. இங்கேயோ 14,000 கோடி ரூபாய்த் திட்டத்தில் பதினொரு ஒன்றுகள் தடையில்லாமல் தேறியிருக்கின்றன!

ஆதார் வழியே பணம் போகும், கணக்கு எண் கட்டாயமில்லை என்கிறது அமைச்சகம். அப்படியானால் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய 500 ரூபாய், 34 லட்சம் பேருக்கு மேல் ஏன் போய்ச் சேரவில்லை? குறுகியகாலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்குத்தான் வேலை. மற்றவர்கள் அந்தக் காகிதத்தோடு வீட்டில் இருக்கிறார்கள்.

பயிற்சி மையங்கள் சிலவற்றைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததோடு கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள். விடக்கூடாது. திட்டத்தை நடத்திய தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தில் அரசுக்கு 49 சதவீதம், தனியாருக்கு 51 சதவீதம். இந்த அமைப்பே ஒளிந்துகொள்ள வாகானது. ஆனால் பணம் மக்கள் பணம். தணிக்கைக்கு உள்ளான 2015–22 காலத்தில் திறன் மேம்பாட்டுத் துறையை வைத்திருந்த அமைச்சர்கள் ராஜீவ் பிரதாப் ரூடி, தர்மேந்திர பிரதான், மகேந்திர நாத் பாண்டே. அவர்கள் பணத்தை எடுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பதில் சொல்லும் கடமை அவர்களுடையது என்கிறோம்.

இதற்கு முன்னுதாரணம் இல்லையா? இருக்கிறது. எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளுக்குப் போனபோது நீதிபதி சக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். துறைச் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அந்த அளவுகோலை இன்றைக்கும் வைக்கச் சொல்கிறோம். பொதுக் கணக்குக் குழு இந்த அறிக்கையை எடுத்து விசாரிக்கட்டும். அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்லட்டும். நிலுவை 500 ரூபாயை உடனே போடட்டும்.

தோழர்களே, தணிக்கை அறிக்கைகள் தூசி படிந்து கிடப்பது புதிதல்ல. இதை அப்படிக் கிடக்க விட்டால் குற்றம் நம்முடையதும்தான். இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் தெருவில் இறங்கட்டும். கௌஷல் சான்றிதழ் வைத்திருக்கும் தம்பி தங்கைகளைத் தேடிப் பிடியுங்கள். 500 ரூபாய் வந்ததா, பயிற்சி எத்தனை நாள் நடந்தது, வேலை கிடைத்ததா என்று எழுதி வாங்குங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஆளுக்கொரு தகவல் உரிமை மனு போடுங்கள். நகலை உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.