மார்க் போடும் வாத்தியாருக்கே மார்க்! பதவி உயர்வு ஓட்டத்தில் பேராசிரியர்கள். பாடம் என்ன ஆச்சு?

காலேஜில் நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மார்க் போடும் பேராசிரியருக்கும் மார்க் உண்டு. அதை வைத்துத்தான் அவருக்கு பதவி உயர்வு. இந்த மார்க் கணக்கில் 2010-ம் ஆண்டில் இருந்தே ஏகப்பட்ட குளறுபடி.

உதவி பேராசிரியராக வேலைக்கு சேருபவரின் அடிப்படை சம்பளம் 57 ஆயிரத்து 700 ரூபாய். பேராசிரியர் ஆகிவிட்டால் 1 லட்சத்து 44 ஆயிரத்து 200-ல் தொடங்கும். நடுவில் 4 படி. பிஎச்.டி. முடித்தவர் எங்கும் தடங்கல் இல்லாமல் ஏறினாலே 4, 5, 3, 3 என்று மொத்தம் 15 வருஷம் ஆகும். ஒரு படியில் பைல் நின்றுபோனால் அவ்வளவுதான், பென்ஷன் வரைக்கும் அடி விழும்.

2010-ல் பல்கலைக்கழக மானியக்குழு (யு.ஜி.சி.) புள்ளி முறையை கொண்டு வந்தது. தரமான ஆய்வு இதழில் ஒரு கட்டுரை வந்தால் 15 புள்ளி. சர்வதேச கருத்தரங்கில் கட்டுரை படித்தால் 10 புள்ளி. அப்புறம் என்ன? ஊருக்கு ஊர் 'சர்வதேச' கருத்தரங்கம் முளைத்தது. பணம் கட்டினால் போதும், படித்துக்கூட பார்க்காமல் கட்டுரை போடும் இதழ்கள் பெருகின. யு.ஜி.சி.யே 2018 மே மாதம் தன் பட்டியலில் இருந்து 4 ஆயிரத்து 305 இதழ்களை தூக்கியது. அதில் கட்டுரை போட்டு ஏற்கனவே படி ஏறியவர்கள் எத்தனை பேர்? அந்த கணக்கு வெளியே வரவில்லை.

வருகைப்பதிவுதான் அளவுகோல்

அதே 2018-ல் விதியும் மாறியது. ஒதுக்கிய வகுப்பில் 80 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தால் 'நல்லது'. 70-க்கு கீழே போனால் 'திருப்தி இல்லை'. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எத்தனை வகுப்பு எடுத்தார் என்பதுதான் கணக்கு. பையனுக்கு புரிந்ததா என்பதற்கு அந்த படிவத்தில் கட்டமே இல்லை. கடைசி படியில் பேராசிரியர் ஆக, எப்படியும் 10 ஆய்வுக் கட்டுரை காட்டணும். அதனால் கட்டுரை ஓட்டமும் நிற்கவில்லை.

போலி இதழ்களை வடிகட்ட வைத்திருந்த 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டது. நல்ல இதழ் எது என்பதை இனி அந்தந்த கல்வி நிறுவனமே முடிவு செய்யணும். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கும் இடத்தில் இது எப்படி முடியும் என்பது காலேஜ் வாசல் டீக்கடைக்காரருக்கே தெரியும்.

2025 ஜனவரியில் வந்த வரைவு விதியோ, 9 வகை பங்களிப்பில் குறைந்தது 4-ஐ காட்டச் சொன்னது. ஸ்டார்ட்-அப் கம்பெனி தொடங்குவதுகூட அதில் ஒன்று! தமிழக சட்டசபை இந்த வரைவை எதிர்த்து தீர்மானம் போட்டது. ஆனால் பேச்செல்லாம் துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதில்தான் இருந்தது. வாத்தியார் விவகாரம் அதில் அமுங்கிப் போச்சு.

ஏணியே இல்லாதவர்கள்

இதெல்லாம் நிரந்தர ஆசிரியர்களின் பாடு. அரசு கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான வகுப்புகளை ஓட்டுவது கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 50 ஆயிரம் ரூபாய் வரை தரலாம் என்று 2019-லேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. 2023-ல் இங்கே அவர்கள் வாங்கியது 25 ஆயிரம். இவர்கள் எத்தனை கட்டுரை எழுதினாலும், 10 வருஷம் பாடம் நடத்தினாலும் பதவி உயர்வு பட்டியலில் பெயர் ஏறாது. அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்ற கேள்வியோடுதான் காலையில் வகுப்புக்கு போகிறார்கள்.