காலடி இரும்பு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு தெருவுக்குள் திரும்புகிற நேரம். கீழே கூட்டம் என்பதால் மொட்டை மாடியில் ட்ரோனை வைத்தேன். காம்பஸ் பிழை என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தது. அதே மாடியில் நின்றபடி கேலிப்ரேட் செய்தேன்: ட்ரோனைக் கையில் பிடித்துக் கிடையாக ஒரு சுற்று, மூக்கைக் கீழே கவிழ்த்து ஒரு சுற்று. பச்சை விளக்கு எரிந்தது. ஏற்றினேன். பத்தடி போனதும் ட்ரோன் தானாக வட்டமிட ஆரம்பித்தது; ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் விரிந்தது. கடைசியில் பந்தல் தகரத்தில் உரசித் தென்னை மட்டையில் சிக்கி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. பந்தலுக்குக் கீழே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. தவறு முழுக்க என்னுடையது.

அன்று நான் செய்த அதே தவறு இந்த இதழுக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ‘நாலு தடவை கேலிப்ரேட் பண்ணியும் சரியாகவில்லை, காம்பஸை மாற்றிவிடலாமா?’ என்று கேட்கிறார்கள். எந்த இடத்தில் நின்று அந்த நாலு தடவையும் செய்தார்கள் என்று எழுதுவதில்லை. பயிற்சி வகுப்புகள் சிலவற்றிலும் ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் தேங்காய் உடைப்பதுபோல இதைச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த வழக்கத்தை விட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கேலிப்ரேஷனைக் குறையுங்கள், ட்ரோன் எழும் இடத்தைச் சோதிப்பதைக் கூட்டுங்கள்.

கேலிப்ரேஷனில் ட்ரோன் கற்றுக்கொள்வது ஊரின் திசையை அல்ல, தன் உடம்பை. மோட்டார் காந்தம், திருகாணி, பேட்டரித் தகடு எல்லாம் சேர்ந்து காம்பஸ் அளவை ஒரு பக்கம் தள்ளுகின்றன. ட்ரோனைச் சுழற்றும்போது பூமியின் காந்தப்புலம் அதன் உடம்பை ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுவரும்; கூடவே சுழலும் இரும்போ எப்போதும் ஒரே பக்கத்தில் இழுக்கும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் மென்பொருள் தன் உடம்பின் இழுப்பை மட்டும் பிரித்துக் கழிக்கிறது. தரைக்குள் இருக்கும் கம்பி ட்ரோனோடு சேர்ந்து சுழலாது. அதன் இழுப்பு கணக்கைக் குழப்பும். குழம்பிய கணக்கு அப்படியே சேமிக்கப்படும். தராசுத் தட்டில் கல் இருக்கும்போதே பூஜ்யம் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நிறுக்கும் ஒவ்வொன்றும் அந்தக் கல்லளவு தப்பும். மாடியில் கேலிப்ரேட் செய்த ட்ரோன் நல்ல வயல்வெளிக்குப் போனாலும் மாடியைச் சுமந்துகொண்டுதான் போகிறது.

பல டிஜேஐ கையேடுகள் இதை எப்போது செய்யச் சொல்கின்றன என்று பாருங்கள்: கடைசியாகப் பறந்த இடத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் போனால், 30 நாளுக்கு மேல் பறக்காமல் இருந்தால், எச்சரிக்கை வந்தால். இவற்றோடு ஒன்றை நான் சேர்ப்பேன்: ட்ரோனைப் பிரித்துப் பழுது பார்த்தால். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தபின், பழைய மாடல்களை உள்ளூர்க் கடையில் சரிசெய்து ஓட்டுபவர்கள் நம்மில் அதிகம். காந்தமேறிய திருப்புளியால் முடுக்கிய ஓர் இரும்புத் திருகாணி போதும், கணக்கு மாறிவிடும்.

எச்சரிக்கை வந்தால் நான் முதலில் செய்வது இடத்தை மாற்றுவது. பத்துப் பதினைந்து அடி நகர்ந்து, மண் தரையில் வைத்துப் பார்ப்பேன். அங்கே எச்சரிக்கை மறைந்தால் ட்ரோனில் குறை இல்லை, நின்ற இடத்தில்தான் குறை. கான்கிரீட் தளத்துக்குள் டிஎம்டி கம்பி, சாக்கடை மூடி, கார் பானெட், ஜெனரேட்டர் வண்டி எல்லாமே ஆபத்து. கல்யாண வீடுகளில் பலரும் கவனிக்காதது ஸ்பீக்கர் பாக்ஸ். அதற்குள் இருப்பது பெரிய காந்தம். தங்கமும் வெள்ளியும் காம்பஸை ஒன்றும் செய்யாது. கையில் போட்ட இரும்புக் காப்பும், சட்டைப்பையில் இருக்கும் போனும், போன் ஸ்டாண்டில் ஒட்டிய காந்தமும் செய்யும்.

இதைவிடக் கொடியது எச்சரிக்கையே வராத நிலை. பேட்டரியை இயக்கிய நொடியில் ட்ரோன் தன் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காம்பஸைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறது. கம்பிக்கு மேல் வைத்து இயக்கினால் அந்தக் குறிப்பே தப்பு. எழும்போது ஓரிரு மீட்டரில் கம்பியின் இழுப்பு பெரும்பாலும் விட்டுவிடும், காம்பஸ் சரியான திசைக்குத் திரும்பும். ஜைரோ மட்டும் ‘நான் திரும்பவே இல்லை’ என்று சாதிக்கும். இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் ட்ரோன் தடுமாறுகிற இடம் நம் தலைக்கு மேலே.

அது ஏன் வட்டமிடுகிறது? காற்று அதைக் கிழக்கே ஒரு மீட்டர் தள்ளியது என்று வையுங்கள். மேற்கே ஒரு மீட்டர் போ என்று ஜிபிஎஸ் சரியாகவே சொல்கிறது. மூக்கு எங்கே இருக்கிறது என்பதில் 40 டிகிரி தப்பு இருந்தால், அது சாய்வதும் மேற்கிலிருந்து 40 டிகிரி விலகித்தான். அந்த விலகலைத் திருத்தப் போய் மறுபடியும் விலகல். பிழை சிறிதென்றால் வட்டம் சுருங்கி அடங்கும், பெரிதென்றால் விரியும். டாய்லெட் பௌலிங் என்று நம் பைலட்டுகள் சொல்வது இதைத்தான். அப்போது ஆர்டிஎச் பட்டனை அழுத்தாதீர்கள். வீடு திரும்பவும் அதே பொய்த் திசையைத்தான் அது நம்பும். ஜிபிஎஸ்ஸையும் காம்பஸையும் நம்பாத அட்டி மோடுக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் உடனே மாற்றிக் கண்ணால் பார்த்து இறக்குங்கள். சின்ன மாடல்கள் பலவற்றில் அந்தச் சுவிட்சே கிடையாது. கல்யாணங்களுக்கு அவற்றைத்தான் அதிகம் எடுத்துப்போகிறோம் என்பதால், எழும் முன் பார்ப்பது அங்கே இன்னும் அவசியம்.

பார்க்க ஐந்து விநாடி போதும். செயலியின் வரைபடத்தில் ட்ரோன் அம்பு எந்தத் திசை காட்டுகிறது, தரையில் மூக்கு எந்தத் திசையில் நிற்கிறது? தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது, மூக்கு தெருவோடு இருக்கிறது, அம்பு வயலைப் பார்க்கிறது என்றால் ஏற்றாதீர்கள். பேட்டரியை அணைத்து, இடம் மாற்றி, மறுபடி இயக்குங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டும் எனக்கு இருந்திருந்தால் கும்பகோணத்தில் அந்தப் பந்தல் தப்பியிருக்கும்.

பூமியின் மேல் பழி போட நமக்கு இடமில்லை. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதை ஆராயவே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஒரு மையம் வைத்திருக்கிறது. இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய முழுவதும் கிடையாகவே இருக்கிறது, சுமார் 40 மைக்ரோடெஸ்லா. லண்டனில் புலம் தரையை நோக்கிச் செங்குத்தாகச் சாய்வதால் திசை காட்ட மிஞ்சும் கிடைப்பகுதி சுமார் 20தான். அங்கே 20 டிகிரி கெடுக்கும் இரும்பு இங்கே சுமார் 10 டிகிரிதான் கெடுக்கும். உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வேறுபாடும் நம்மிடம் ஓரிரு டிகிரியே. விதிவிலக்கு சேலம் கஞ்சமலை போன்ற இடங்கள். மேக்னடைட் பாறை மேல் நின்று கேலிப்ரேட் செய்வது மாடியில் செய்வதற்குச் சமம்.

மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. 20 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி 10 சென்டிமீட்டர் தள்ளி உண்டாக்கும் புலம் 40 மைக்ரோடெஸ்லா. நம் பூமியின் புலம் அவ்வளவுதான். பத்து லிட்டர் ட்ரோன் நிறை தொட்டியோடு எழும்போது இழுக்கும் மின்னோட்டம் அந்த 20 ஆம்பியரைப் போலப் பல மடங்கு. தரையில் சாதுவாக நின்று, த்ராட்டில் ஏற்றியதும் மூக்கைத் திருப்பும் ட்ரோன் இருந்தால் கம்பியைப் பாருங்கள், தரையை அல்ல. பாசிட்டிவ், நெகட்டிவ் கம்பிகளை முறுக்கிச் சேர்த்துக் கட்டுங்கள். காம்பஸை உயரமான கம்பத்துக்கு ஏற்றுங்கள். ஆர்டுபைலட்டில் மோட்டார் மின்னோட்டத்தின் குறுக்கீட்டை அளக்கும் காம்பஸ்மோட் சோதனை 30 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் கேலிப்ரேஷன் எதுவும் காப்பாற்றாது, காம்பஸை இடம் மாற்றியே ஆக வேண்டும்.

மின்கோபுரங்களைப் பற்றிய பயம் பாதி சரி. சாதாரண மாறுமின்னோட்டக் கம்பியின் புலம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுவதால் காம்பஸின் சராசரியில் பெருமளவு கழிந்துவிடும். அங்கே பிரச்சினை கோபுர இரும்பு. ராய்கர்–புகளூர் பாதை வேறு வகை. அது ±800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம், 6,000 மெகாவாட். முழுச் சுமையில் ஒரு கம்பியில் 3,750 ஆம்பியர். அந்த ஒன்றை மட்டும் கணக்கிட்டாலே 20 மீட்டர் தூரத்தில் புலம் சுமார் 37 மைக்ரோடெஸ்லா, அதுவும் ஆடாமல் நிலையாக. அதன் அடியில் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்குத் தெளித்துக்கொடுப்பவர்கள் நல்ல தூரம் விட்டு ஏற்றி இறக்குங்கள்.

காம்பஸ் மேல் வீண்பழி விழும் இடமும் ஒன்று உண்டு. சூரியன் மறைந்தபின், ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை, நம் வானத்தின் அயனிமண்டலத்தில் குமிழ்கள் எழுந்து ஜிபிஎஸ் சமிக்ஞையைச் சிதறடிக்கும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய நாடுகளின் தொல்லை இது. மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியன் மும்முரமாக இருக்கும் ஆண்டுகளில் அதிகம். ரிசப்ஷன் எடுக்கப் போகிற நேரமும் அதுதான். வட்டமிடாமல் ட்ரோன் ஒரே பக்கம் நழுவுகிறது அல்லது திடீரெனத் தாவுகிறது, சாட்டிலைட் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது என்றால் காம்பஸைத் தொடாதீர்கள். இறக்கி அரைமணி பொறுங்கள்.

காயமோ சேதமோ ஏற்பட்ட விபத்தை 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கையில் தெரிவிக்க வேண்டும் என்று 2021 ட்ரோன் விதி சொல்கிறது. தென்னையில் சிக்கித் தப்பியதை யாரும் எங்கும் பதிவதில்லை, நானும் பதியவில்லை. அவற்றை எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம். எழுந்த தரை மண்ணா கான்கிரீட்டா, அம்பும் மூக்கும் ஒத்திருந்தனவா, வட்டமிட்டதா நழுவியதா, கடைசியாகக் கேலிப்ரேட் செய்தது எந்த இடத்தில் நின்று என்ற நான்கையும் குறிப்பிடுங்கள். ஃப்ளைட் லாக் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.