கம்பெனிக்குக் கெடு நீட்டிப்பு, காட்டுக்காரனுக்குப் பட்டை நாமமா?



நம்ம காட்டை ஒருத்தருக்குக் குத்தகைக்கு விட்டால் என்ன பேசுவோம்? எத்தனை வருஷம், வருஷத்துக்கு எவ்வளவு, கெடு முடிந்தால் அடுத்து யாருக்கு? இந்த மூன்றையும் பேசாமல் யாரையும் வரப்பில் கால் வைக்க விடமாட்டோம். ஆனால் உயர்மின் கோபுரம் மட்டும் இதில் ஒன்றைக்கூடப் பேசாமல் நாலு காலையும் ஊன்றி நிற்கிறது.

மின்துறைக்குக் கெடு, புதுப்பித்தல் எல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். மேலே ஓடும் கம்பியில் கரண்டு கொண்டுபோக இடம் பிடிக்கிறவர்களுக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் விதி எழுதியது. 12 வருஷத்துக்கு மேல் 25 வருஷம் வரை இடம் பிடித்தவர் நெடுங்கால உரிமைக்காரர். கெடு முடிய ஆறு மாதம் முன்பு, இன்னும் இத்தனை வருஷம் வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், நீட்டிப்பு உண்டு. மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை பிடித்தவருக்கோ புதுப்பிப்பதில் முன்னுரிமை கிடையாது, மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். 2023 அக்டோபரில் இந்த முறை போய் ஜி.என்.ஏ. என்கிற புது முறை வந்தது. அப்போதும் பழைய நெடுங்கால உரிமைக்காரர்களை நடுத்தெருவில் விடவில்லை, பத்திரமாகப் புது முறைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இதில் நமக்குத் தகராறு இல்லை. நெடுநாள் இருப்பவனுக்கு முதல் உரிமை என்பது நியாயம்தான். அதே கம்பியை அத்தனை வருஷமும் தாங்கி நிற்கிற மண்ணுக்குச் சொந்தக்காரனுக்கு அந்த நியாயம் எங்கே போனது என்பதுதான் நம் கேள்வி.

1885-ல் வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட எழுதிய சட்டத்தை, 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு வழியாக நம் தலையில் கட்டினார்கள். அந்தப் பழைய சட்டத்தின் 10-வது பிரிவே, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டும்தான், வேறு எந்த உரிமையும் கிடையாது என்கிறது. பட்டா நம் பேரில்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை வருஷம் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இல்லை. தந்தியே 2013-ல் நின்று போச்சு. 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து தந்திச் சட்டத்தை ரத்து செய்தபோதும், மின்பாதைக்கு மட்டும் அந்தப் பகுதி தொடரும் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்!

இழப்பீடாவது? கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15 என்றது 2015 வழிகாட்டுதல். ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் பாதைக்கு எதிராக 2018 டிசம்பரில் கொங்கு மண்டல விவசாயிகள் பட்டினி கிடந்து போராடியது மறந்துவிடாது. 2024 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் அதை 200, 30 என்று உயர்த்தியது. உயர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே தடவை. கம்பிக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, போர் போட லாரி நிறுத்த பயம். இந்த நஷ்டம் மட்டும் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுகிறது, மகன் காலத்திலும்.

ஆகவே கோபுரத்துக்குக் கெடு எழுது, வருஷ வாடகை கொடு, கெடு முடிய ஆறு மாதம் முன்பு நிலத்துக்காரரிடம் வந்து பேசிப் புது ஒப்பந்தம் போடு என்கிறோம். கம்பெனிக்கு எழுதிய விதியைத்தான் நமக்கும் கேட்கிறோம்.

அதுவரை கையில் இருக்கிறதை விட வேண்டாம். கொடுத்த இழப்பீடு போதாது என்றால் அதே 1885 சட்டத்தின் 16-வது பிரிவுப்படி மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம். வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுக்கிறோம். பட்டா, சிட்டா, அடங்கல் நகலோடு, கோபுரத்தில் எழுதியிருக்கும் நம்பரையும் குறித்துக்கொண்டு வாருங்கள். நம்பர் இல்லாவிட்டால் "எந்தக் கோபுரம்?" என்று கேட்டே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.