கடலுக்குப் போட்ட பூட்டு

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய மெரினா, டிசம்பர் 14-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. ஒன்பது மாதம்! மயிலாப்பூர் சந்துகளில் இரண்டு அறைக்குள் ஐந்தாறு பேர் முடங்கிக் கிடந்த குடும்பங்களுக்குக் கடற்கரைதான் கோடை விடுமுறை, ஊட்டி, கொடைக்கானல் எல்லாம்.

கூட்டத்துக்கு அரசு பயந்ததில் தவறில்லை. காணும் பொங்கலன்று மெரினாவில் மணல் தெரியாது. 2021-இல் அன்றைக்குத் தடை போட்டது சரியான முடிவு. ஆனால் எதை முதலில் திறந்தார்கள் என்ற வரிசைதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. செப்டம்பர் 1-ஆம் தேதியே குளிரூட்டிய மால்கள் திறந்தன. சொகுசு விடுதிகளும் திறந்தன. கையில் காசிருந்தவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறை எடுத்து, பிள்ளைகளோடு அலையில் கால் நனைத்தார்கள். தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் இடித்து நடந்தோம். மூடிய அறையைவிடத் திறந்த வெளியில் தொற்று பரவும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காற்று வீசும் மணல்வெளிக்கு மட்டும் தடுப்புக் கம்பி.

காலையில் மட்டும், இடைவெளி விட்டு, குடும்பம் குடும்பமாக அனுமதித்திருக்கலாம். சுண்டல் விற்றவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும்.

திறந்த வாரம் பேத்தியைக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றியவள் ஈர மணலில் காலை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். வெகுநேரம் அசையவே இல்லை.