கைக்குள் அதிர்ந்த பந்தயம்

படத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் வீடியோ கேம் என்றாலே காசு பார்க்கும் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 1999-இல் கேம் பாய் கலருக்கு வந்த ‘ஸ்டார் வார்ஸ் எபிசோட் 1: ரேசர்’ அந்தக் கணக்கில் சேராது. அந்தப் படத்தில் சிறுவன் அனகின் கலந்துகொள்ளும் ‘பாட்ரேஸ்’ என்ற அதிவேகப் பந்தயம், திரையரங்கில் நெஞ்சுக்கூட்டையே உலுக்கிய காட்சி. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அமைத்த எஞ்சின் ஒலிக்கே பாதிப் பெருமை போய்ச் சேர வேண்டும். அதை 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட திரையிலும் ஒற்றைக் குட்டி ஸ்பீக்கரிலும் எப்படிக் கொண்டுவருவது? நின்டெண்டோ 64-இல் வந்த பதிப்பு முப்பரிமாணத்தில் சீறிப் பாய்ந்தது. கையடக்கக் கருவிக்கு அந்தத் தெம்பு கிடையாது. மேலிருந்து பார்க்கும் தட்டையான பாதைதான். ஆகவே கண்ணுக்குத் தர முடியாததைக் கைக்குத் தர, கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு சின்ன அதிர்வு மோட்டாரை வைத்தார்கள். கருவிக்கு இரண்டு பேட்டரி போக, இந்த மோட்டாருக்கென்றே கார்ட்ரிட்ஜில் தனியாக ஒரு டிரிபிள் ஏ பேட்டரி! வண்டி மோதினால் உள்ளங்கை நடுங்கும். அந்தக் காட்சியின் உயிர் எதில் இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தவர்களுக்குத்தான் இது தோன்றும். இன்று ஏறக்குறைய எல்லாப் போனிலும் அதிர்வு மோட்டார் இருக்கிறது. படத்தின் பெயரில் பந்தய கேம் செய்கிறவர்கள், கதாநாயகனின் முகத்தை ஒட்டுவதற்கு முன் இந்தப் பழைய கார்ட்ரிட்ஜை ஒருமுறை கையில் பிடித்து விளையாடிப் பார்க்கட்டும்.