வாடிக்கையும் கைப்பேசியும்

கிராமங்களில் கைப்பேசி இல்லாத விவசாயக் குடும்பம் தற்காலத்தில் அரிதாகிவிட்டது. கைப்பேசி உள்ள இடத்தில் பெரும்பாலும் வாட்ஸ்அப்பும் முகநூலும் கூடவே வந்து சேர்கின்றன. தம் விளைபொருளைத் தரகர் கையில் ஒப்புவியாமல் நேரே குடும்பங்களுக்கு விற்க விரும்பும் நிலச் சொந்தக்காரர்கள் இச்சாதனங்களை நாடுவது இயற்கையே. அது வரவேற்கத் தக்கதுமாகும். ஆயினும் அவர்களில் அநேகர் இவற்றைச் செலவில்லாத ஒலிபெருக்கி என்றே கருதிவிடுகின்றனர். இத்தவறான எண்ணத்தால் நல்ல சரக்கும் வாடிக்கையின்றிக் களஞ்சியத்தில் தங்குகிறது.

சாதாரணமாக நடப்பது யாதெனில், தை மாதத்தில் மாப்பிள்ளைச் சம்பாவோ கருங்குறுவையோ அறுவடை செய்த ஒருவர், நெல்லை அவித்து அரைத்து 25 கிலோ சிப்பங்களாகக் கட்டி வைக்கிறார். உடனே உறவினர் குழு, பள்ளித் தோழர் குழு, கோயில் திருப்பணிக் குழு, கல்யாணத்துக்காகச் சேர்த்த விலாசங்கள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் எண்களைத் திரட்டுகிறார். சிப்பத்தின் படமும் விலையும் வாரம் நான்கு முறை அவ்வெண்களுக்குச் செல்கின்றன. முதல் வாரத்தில் சிலர் முகதாட்சண்யத்துக்காக வாங்குகின்றனர். இரண்டாவது வாரத்தில் பதில் குறைகிறது. மூன்றாவது வாரத்தில் பலர் அவருடைய செய்தி வரும்போது ஓசை எழாதபடி அடக்கி வைத்துவிடுகின்றனர். அவ்வாறு அடக்கியதை வாட்ஸ்அப் அவருக்குத் தெரிவிப்பதில்லை, அடக்கியவரும் தெரிவிப்பதில்லை. ஆகவே அவர் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார். இறுதியில், "பட்டணத்து ஜனங்களுக்குப் பாரம்பரிய அரிசியின் அருமை தெரியவில்லை" என்று முடிவு கட்டி, மிஞ்சியதை வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளிவிடுகிறார். குற்றம் அரிசியிலும் இல்லை, ஜனங்களிடத்திலும் இல்லை.

"வியாபாரம் என்றால் கூவித்தானே ஆகவேண்டும்? சந்தையில் கூவாதவன் சரக்கு விற்குமா?" என்று இதற்கு ஆட்சேபம் கூறுவோர் உண்டு. சந்தையில் கூவுவது நியாயமே. அங்கே வந்தவர் வாங்குவதற்கென்றே பையுடன் வந்தவர். 1999-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 14-ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது முதல், விவசாயிகள் அவ்விதம் கூவி விற்பதற்கும் தக்க இடம் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் ஒருவருடைய கைப்பேசி சந்தை அன்று. அதில் அவருடைய மகளின் கடிதமும், வைத்தியரின் சீட்டும், துக்கச் செய்தியும் வருகின்றன. அது அவருடைய வீட்டுக் கூடம். அழைப்பின்றிக் கூடத்துக்குள் நுழைந்து கூவுகிறவரிடம் எவரும் அரிசி வாங்க மாட்டார். இங்கிலீஷில் ஸ்பாம் என்று இகழப்படும் வேண்டாத விளம்பரம் இதுவே. அனுப்புகிறவர் நல்லவர் என்பதாலோ, அரிசி நயமானது என்பதாலோ அதன் தன்மை மாறிவிடாது.

வாட்ஸ்அப்பின் அமைப்பிலேயே இவ்விஷயத்துக்கு ஓர் அளவுகோல் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். குழுவைப் போலன்றி, ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் போலவே செய்தி சென்றடையும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தம் கைப்பேசியில் பெயரிட்டுக் குறித்து வைத்துக்கொண்டவருக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும். குறித்து வைக்காத நூறு பேரைப் பட்டியலில் சேர்த்தாலும் பயன் சூன்யமே. விவசாயி எத்தனை எண்களைத் திரட்டினார் என்பது கணக்கில்லை. எத்தனை பேர் தாமாக முன்வந்து அவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டனர் என்பதே கணக்கு. பழைய வழக்கில் வாடிக்கை என்று சொல்லப்பட்டது இதனையே. பால்காரர் எந்த வீட்டிலும் பால் ஊற்றலாம். எந்த வீட்டில் அவருக்கென்று பாத்திரம் எடுத்து வைக்கிறார்களோ அதுவே அவருடைய வாடிக்கை வீடு.

ஸ்டேட்டஸ் என்னும் வசதியும் இவ்வகையில் சிறந்ததே. அதில் இடும் படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வேண்டியவர் திறந்து பார்ப்பார், வேண்டாதவருக்குத் தொந்தரவில்லை. நாற்றங்கால், நடவு, கதிர், களம் என்று பயிரின் போக்கை இங்கே தினந்தோறும் காட்டினாலும் எவரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

எனில் தனிச் செய்தி எப்பொழுது அனுப்பத் தக்கது? சரக்கு வாங்கியவரிடம் அவ்விடத்திலேயே, "அடுத்த அரவையின்போது தெரிவிக்கலாமா?" என்று கேட்டு, சம்மதித்தவர் பெயரை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதிக்கொள்வதே முதற்காரியம். வியாபாரிகள் வாடிக்கையாளரின் சம்மதம் பெற்றே செய்தி அனுப்ப வேண்டும் என்பது வாட்ஸ்அப் கம்பெனியின் சொந்த விதியுமாகும். சம்பா சாகுபடி செய்பவருக்கு வருஷத்தில் சொல்லத் தக்க செய்திகள் சிலவே: விதைத்தாயிற்று, அறுவடை ஆயிற்று, இன்ன தேதியில் அரவை, இவ்வளவு சிப்பம் மீதி. நெல் ஆறு மாதம் வயலில் கிடக்கையில் அரிசி வாரம் நான்கு முறை பேச வேண்டிய அவசியம் என்ன?

அச்செய்திகளிலும் விலையைவிட மேலாக வாங்குகிறவருக்கு உதவுவது சரக்கைப் பற்றிய உண்மையே. புது அரிசி குழையும். தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும். சில மாதம் பழகிய அரிசி அதிகத் தண்ணீர் கொள்ளும், சோறும் உதிரியாகக் காணும். மருந்துப் புகை காட்டாத அரிசியில் மழைக்காலத்தில் வண்டு விழக்கூடும். காற்றுப் புகாத பாத்திரத்தில் உலர்ந்த வேப்பிலையுடன் வைத்தல் நலம். இவற்றை முன்கூட்டியே எழுதி அனுப்பிய விவசாயியிடம், வண்டு விழுந்த பின்னரும் வாடிக்கையாளர் கோபிப்பதில்லை. எழுதாமல் விட்டவரின் சிப்பம் திரும்பி வருகிறது. அதைப் பற்றிய புகாரும் அவர் சேர்த்துவைத்த அதே குழுக்களிலேயே சுற்றி வருகிறது.

கேட்பதற்குமுன் கொடுத்தல் என்னும் முறைக்கு இந்நாட்டிலேயே தக்க உதாரணம் உண்டு. 2018-ஆம் வருஷத்தில் காலஞ்சென்ற நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில், வந்த விவசாயிகளுக்குப் பாரம்பரிய ரகங்களில் 2 கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரும்படி கேட்டார். விதை பெற்றவர் மறு வருஷம் அவரைத் தேடி வர வேண்டியவராயினர். அவ்விதம் வந்தவர்கள் தங்கள் வயலின் அனுபவத்தையும் உடன் கொண்டுவந்தனர். முகநூலில் விவசாயக் குழுக்களில் சேர்வோர் இம்முறையை மேற்கொள்ளலாகும். சேர்ந்த அன்றே விலைப்பட்டியலை ஒட்டுகிறவரைவிட, ஒருவர் தம் பயிரில் இலை சுருளும் காரணத்தைக் கேட்கும்பொழுது, தமக்குத் தெரிந்த விஷயமாயின் பொறுமையுடன் பதில் எழுதுகிறவரின் பெயரே நினைவில் நிற்கும். அப்பெயருக்குரியவர் என்ன விற்கிறார் என்பதைப் பிறர் தாமே விசாரித்து அறிவர்.

இனிக் கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. பயிர் இன்ஷூரன்ஸ் கடைசித் தேதி, புகையான் எச்சரிக்கை, அணையில் நீர் திறக்கும் நாள் ஆகியவற்றைத் தெரிவிக்கும் பொருட்டுக் கிராமந்தோறும் வாட்ஸ்அப் குழுக்கள் ஏற்பட்டிருக்கின்றன. இவற்றில் விதைக் கடை, உரக் கடை, கறவை மாடு, வீட்டு மனை ஆகிய விளம்பரங்கள் நுழையும்பொழுது, ஜனங்கள் குழுவின் ஓசையையே அடக்கிவிடுகின்றனர். புகையான் எச்சரிக்கை வந்த நாளில் அதைக் காண்போர் இல்லை. ஒரு விளம்பரத்தினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர், தூர் சாய்ந்து வட்டம் வட்டமாகக் கருகிய வயலைப் பார்த்தால் அக்கேள்வியைக் கேட்கமாட்டார். குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி 2018-ஆம் வருஷம் முதல் உண்டு; அதை உபயோகிக்கத் தயங்குவது வீண் தாட்சண்யமே.

மானியம் வேண்டியும் நிவாரணம் வேண்டியும் விவசாயிகள் எழுதிக் கொடுத்த கைப்பேசி எண்கள் அதிகாரிகளிடம் அடங்கலாகக் கிடக்கின்றன. அவற்றைச் சிநேகிதத்துக்காகக் கடைக்காரருக்குக் கொடுப்பது சிறு உதவி போலத் தோன்றலாம். அவ்வெண்கள் வேறொரு காரியத்துக்கென நம்பிக் கொடுக்கப்பட்டவை. 2023-ஆம் வருஷத்தில் இயற்றப்பெற்ற எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உரியவரின் சம்மதத்தையே பிரதானமாகக் கொண்டுள்ளது.

விற்பனைச் செய்திகளை அறவே விலக்கவும் வேண்டியதில்லை. அவற்றுக்கென ஊரில் தனியாக ஒரு குழுவை ஏற்படுத்தி, அதில் சேரும் இணைப்பை மட்டும் பொதுக் குழுவில் ஒரு முறை இடலாம். வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் அதைத் தொட்டு உள்ளே செல்வர். மற்றவருக்கு அன்றுடன் அவ்விஷயம் முடிந்தது.